நாளைக்கும் ஓடுமா?

எங்கள் புளோக்கில் இரண்டு நாளாக ஒரு லிஃப்ட் ஓடவில்லை. கீழ்த்தளத்தில் மஞ்சள் தடுப்பு வைத்து, கதவைத் திறந்து போட்டு வேலை நடக்கிறது. காலையில் காய்கறி வாங்க இறங்கியவன் அந்தத் திறந்த வாசலைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. தண்டவாளத்தில் தடவிய கிரீஸ், சூடேறிய செம்புச் சுருள், இருட்டுக் குழியில் வருடக்கணக்கில் படிந்த தூசி, மூன்றும் கலந்த வாசனை. தாழம்பூ வாசனையில் சிலருக்கு ஊர் ஞாபகம் வரும். எனக்கு இந்த வாசனையில் என் 22 வயது ஞாபகம் வருகிறது.

குழிக்குள் இறங்கி நின்ற பையன் தலையை உயர்த்திப் பார்த்தான். புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன். வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறதாம்.

"சாயங்காலம் விட்டுருவோம் ஐயா. அந்தப் பக்கத்து லிஃப்ட் ஓடுது, அதுல போங்க" என்றான்.

"அவசரமில்ல தம்பி. நானும் இந்த வேலைதான் பார்த்தேன்" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கையிலிருந்த துணியை என்னிடம் காட்டினான். கிரீஸ் கறுத்திருந்தது. அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காசைத் தேடி எடுத்தேன். பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ காலத்து 20 காசு. ஒரு பக்கம் இளம் வயது எலிசபெத் ராணியின் முடிசூடிய தலை. சிங்கப்பூர் 1967ல் தன் சொந்தக் காசுகளை வெளியிட்டபோது ராணியின் தலை போய்விட்டது. மீனும் கடற்குதிரையும் சிங்கமும் வந்தன. அந்த வரிசையில் மதிப்பில் ஆகச் சிறியதான 1 காசில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தைப் பொறித்திருந்தார்கள். நாங்கள் குடியிருந்தது போன்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக். ராணியின் காசு கொஞ்ச நாளில் செல்லாக்காசானது. அந்தச் செல்லாக்காசுதான் இந்தக் கதையில் நிற்கப்போகிறது. நிற்கிறது என்று நான் சொல்வது, அப்படியே நிமிர்ந்து நிற்பதைத்தான்.

கதை நடந்தது தோ பாயோவில். தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு நிலம். 'தோ' ஹொக்கியன் சொல், 'பாயோ' மலாய்ச் சொல்லின் திரிபு. பெயரிலேயே இரண்டு மொழி குடியிருக்கும் பேட்டை இது. அத்தாப்புக் குடிசைகளும் கீரைத் தோட்டங்களும் பன்றிப் பண்ணைகளுமாக இருந்த இடத்தில், 60களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒரு நகரத்தையே எழுப்பியது. கழகம் தொடங்கியது 1960 பிப்ரவரியில். அதற்கு அடுத்த வருடம் மே மாதம் புக்கிட் ஹோ சுவீயில் பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அந்தத் தீக்குப் பிறகு கட்டுவதில் ஓர் ஆவேசமே வந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

லோரோங் 5ல் 53ஆம் எண் புளோக். 19 மாடி. மேலிருந்து பார்த்தால் மூன்று கை விரித்தது போல இருக்கும். உச்சியில் பார்வையாளர் மாடம் ஒன்று வைத்திருந்தார்கள். வெளிநாட்டுத் தலைவர்கள் வந்தால் அங்கே அழைத்துப் போய், "இதுதான் நாங்கள் கட்டிய ஊர்" என்று காட்டுவார்கள். அதனால் அதற்கு 'விஐபி புளோக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. தோ பாயோவின் சில லிஃப்டுகளைக் கவனிக்கும் குழுவில் நான் அப்போது எடுபிடி. எண்ணெய் விடுவது, துடைப்பது, கதவுச் சட்டத்தில் சிக்கிய நெகிழிப் பைகளையும் சூயிங்கத்தையும் சுரண்டி எடுப்பது, இவைதான் என் வேலை. 53ஆம் புளோக்கும் எங்கள் கணக்கில் இருந்தது.

குழுவுக்குத் தலைவர் ஒரு சீனப் பெரியவர். எல்லோருக்கும் அவர் 'ஆ செக்', சித்தப்பா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. பசார் மலாய்தான் எங்களுக்குப் பாலம். வாயைத் திறந்தால் "பெலான் பெலான்" என்பார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அவர் கையில் எண்ணெய்த் துணியைவிட அதிக நேரம் இருந்தது அந்த 20 காசுதான். ஒரு லிஃப்டைச் சரிபார்த்து முடித்தால், அதன் தரையில் காசைக் குத்திட்டு நிறுத்துவார். எங்கள் எல்லோரையும் சுவரோரம் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துவார். கிளம்பும்போது காசு விழுந்தால் ஒரு குறை. ஓட்டத்தில் விழுந்தால் தண்டவாளத்தில் குறை. நிற்கும்போது விழுந்தால் பிரேக்கில் குறை. மருத்துவர் நாடி பார்ப்பது போல அவர் காசு பார்ப்பார்.

அந்தக் காலத்து லிஃப்டுகளில் காசை நிற்கவைப்பது லேசான காரியமில்லை. இன்று கணினி மோட்டாரின் வேகத்தை இம்மி இம்மியாகக் குறைத்துக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அன்று கடைசி நிறுத்தம் பிரேக்கின் கையில் இருந்தது. பிரேக்கை இறுக்கினால் லிஃப்ட் தளத்தோடு சமமாக நிற்கும், ஆனால் வெடுக்கென்று நிற்கும். இளக்கினால் பூப்போல நிற்கும், ஆனால் அரை அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளி நிற்கும். ஆள் ஏறிய எண்ணிக்கைக்கு ஏற்ப அந்த அரை அங்குலமும் மாறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஸ்பிரிங்கை மயிரிழையளவு திருப்பி, ஏறி, இறங்கி, மறுபடி திருப்பி, மறுபடி ஏற வேண்டும்.

1972 தொடக்கத்தில் ராணி வரப்போகிறார் என்ற பேச்சு வந்தது. எலிசபெத் ராணி சிங்கப்பூருக்கு வந்த முதல் முறை அதுதான். கணவர் பிலிப்பும் மகள் ஆனும் உடன் வந்தார்கள். பிப்ரவரி 18லிருந்து மூன்று நாள். தோ பாயோவுக்கு வருவார், 53ஆம் புளோக்கின் உச்சிக்குப் போவார் என்று தெரிந்ததும் பேட்டையே வேறு மாதிரி ஆகிவிட்டது. புல்வெளிகள் மழிக்கப்பட்டன. கைப்பிடிகளுக்குப் புது வண்ணம் வந்தது. சாக்கடை ஓரங்களில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போடுவது எங்கள் எல்லோர் வீட்டு வழக்கம். அந்தக் கழிகளில் எந்தத் துணி இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று பெண்களே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். என் அம்மா நல்ல சேலை இரண்டை மட்டும் காயப்போடுவது என்று தீர்மானித்திருந்தார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது லிஃப்டில் அவர் ஏறிய முதல் நாளையும் சொல்ல வேண்டும். செம்பவாங்கில் தரையோடு தரையாக வாழ்ந்தவர். மாடி வீட்டுக்கு வந்த அன்று லிஃப்ட் கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே நின்று கண்ணை மூடி முருகா முருகா என்றார். வெளியே வந்ததும் திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்போது நான் லிஃப்ட் வேலைக்குச் சேரவில்லை. சேர்ந்த பிறகு, குழியில் கிரீஸ் பூசும்போதெல்லாம் அந்தக் கும்பிடு நினைவுக்கு வரும். யாரோ ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பி ஏறுகிற பெட்டி அது.

நாங்கள் செம்பவாங்கை விட்டு வந்ததற்குக் காரணம் பிரிட்டிஷ்காரர்கள் போனது. அப்பா கடற்படைத் தளத்தில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அங்கே பெரிய உலர்துறை ஒன்று உண்டு. 1938ல் திறந்தது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் வைத்தது. கடல் நீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலைத் தரையில் நிறுத்தி வேலை பார்க்கும் இடம். கப்பலின் அடிவயிற்றில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டிச் சாயம் பூசுவது அப்பாவின் வேலை. பிறகு ஸ்டோருக்கு மாற்றினார்கள். 1968ல் பிரிட்டன் தன் படைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்த காலம். ஆயிரக்கணக்கான வீடுகளில் அடுப்பு என்னாகுமோ என்று பயந்தார்கள். 1971 முடிவதற்குள் அப்பாவின் வேலையும் குவார்ட்டர்ஸும் போயின. தோ பாயோவில் மாதம் 40 வெள்ளி வாடகைக்கு இரண்டறை வீடு கிடைத்தது.

வேலை போன பிறகு அப்பா அதிகம் பேசமாட்டார். தளத்தில் கொடுத்த நன்னடத்தைக் கடிதத்தை மடித்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். டப்பாவின் மூடியில் முடிசூட்டு விழா ராணி. துருப்பிடித்து ராணியின் ஒரு கன்னம் போயிருந்தது. ராணி வரப்போகும் செய்தியைத் தமிழ் முரசில் படித்துவிட்டு அன்று இரவு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அவங்க ஏறப்போற லிஃப்ட் ஒங்க கணக்குலயா இருக்கு?"

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க அப்பா பேர் வச்ச டாக்குல நான் வேலை பார்த்தேன். மக ஏறுற லிஃப்ட்ட எம் மகன் பாக்குறான். ஒழுங்கா செய்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமா, பெருமையா, விடைபெறுவதா என்று எனக்கு அப்போது புரியவில்லை. இன்று எனக்கு அவர் வயதையும் தாண்டி வயது ஆகிறது. மூன்றும்தான் என்று தோன்றுகிறது. போன வேலைக்காக அவர் யாரையும் ஏசியதில்லை. தான் செய்த வேலை நன்றாக இருந்தது என்பதை மட்டும் யாராவது அறிய வேண்டும் என்று விரும்பினார்.

அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 15. ராணி வருவதற்கு மூன்றே நாள் முன்பு. சீனக் குடும்பங்களுக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்த நேரம். பட்டாசுக்கு முழுத்தடை அப்போது இல்லை. எப்போது வெடிக்கலாம் என்ற கட்டுப்பாடு மட்டும் இருந்தது. முழுத்தடை அதே வருடம் ஆகஸ்டில் வந்தது. எனவே மக்கள் தாங்களே சட்டப்படி பட்டாசு வெடித்த கடைசிப் புத்தாண்டு அது. விடிந்தபோது புளோக்குகளின் அடியில் சிவப்புக் காகிதம் கணுக்கால் வரை கிடந்தது. அதைக் கூட்டுவது குடும்பத்தின் அதிர்ஷ்டத்தையே வெளியே கூட்டித் தள்ளுவது என்று முதல் நாள் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். ஆனால் லிஃப்ட் கதவு ஓடும் பள்ளத்தில் அந்தக் காகிதத் துணுக்குகள் நிறைந்துவிட்டன. கதவு முழுதாகச் சாத்தாவிட்டால் லிஃப்ட் கிளம்பாது. அதுதான் அதன் பாதுகாப்பு. நானும் ஒரு மலாய்ப் பையனும் மண்டியிட்டு, பழைய பல்விளக்கும் பிரஷ்ஷால் தளம் தளமாகச் சிவப்புக் காகிதம் பொறுக்கினோம்.

ஆ செக் புத்தாண்டு இரவு குடும்ப விருந்தை முடித்த கையோடு வந்துவிட்டார். புதுச் சட்டை, அதன்மேல் பழைய வேலைச் சட்டை. ஒரு பையில் மாண்டரின் ஆரஞ்சு. எங்களுக்கு ஆளுக்கு இரண்டு கொடுத்தார். ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது, ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மோட்டார் அறையில் ஆரஞ்சுத் தோலின் மணமும் கிரீஸின் மணமும் சேர்ந்து கிடந்தன. எங்கள் வீட்டில் தைப் பொங்கல் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா மிச்சமிருந்த வெல்லத்தில் அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினார். ஆ செக் அதைக் கடித்துப் பார்த்து, புத்தாண்டுக்கு அவர்கள் செய்யும் நியன்கோவோடு ஒப்பிட்டு, "சாமா, சாமா" என்றார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் கண்டுபிடித்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அன்று இரவு முழுக்கக் காசு விழுந்துகொண்டே இருந்தது.

கிளம்பும்போது நிற்கும். நடுவழியெல்லாம் நிற்கும். லிஃப்ட் உச்சியில் நிற்கும் அந்தக் கடைசிக் கணத்தில் 'டிங்' என்று விழும். ஆ செக் மோட்டார் அறைக்கு ஏறி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கினார். அடுத்த முறை காசு விழவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அவரோ கீழே குனிந்து வாசலைத் தொட்டுப் பார்த்தார். லிஃப்டின் தரை தளத்தைவிட ஒரு விரல் தடிமன் உயர்ந்து நின்றது.

"காசு நிக்குது ஆ செக், அது போதாதா?" என்று மலாயில் கேட்டேன்.

அவர் தன் காலை அந்த விளிம்பில் வைத்து, இடறி விழுவது போல நடித்துக் காட்டினார். பிறகு கூன் போட்டு, கையில் கூடை இருப்பது போல வைத்துக்கொண்டு, இன்னொரு முறை இடறிக் காட்டினார். அந்த நடிப்பில் யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த புளோக்கில் இருந்த ஒரு பாட்டி. தினமும் காலை ஆறு மணிக்குச் சந்தைக்கு இறங்குவார். கறுப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, பிரம்புக் கூடை. இந்த இடத்தில் தோட்டம் இருந்தபோது கீரை பயிரிட்டவர் என்று சொல்வார்கள். எல்லோருக்கும் அவர் 'ஆ மா'.

அரசி ஏறும் லிஃப்டில் அரை அங்குலம் இருந்தால் கை கொடுக்கப் பத்துப் பேர் நிற்பார்கள். ஆ மா தனியாகத்தான் ஏறுவார். ஆ செக் இதை வார்த்தையால் சொல்லவில்லை, காலால் சொன்னார். ஸ்பிரிங்கை மறுபடி இறுக்கினார். காசு மறுபடி விழுந்தது. விடியும்வரை இப்படியே. ஒரு முறை ஆறு பேர் ஏறி, ஒரு முறை இரண்டு பேர் ஏறி, ஒரு முறை ஆளே இல்லாமல். ஐந்து மணி சுமாருக்கு, லிஃப்ட் உச்சியில் நின்றது. கதவு திறந்தது. வாசலில் விரல் வைத்தால் விளிம்பே தெரியவில்லை. காசு நின்றுகொண்டிருந்தது. ராணியின் முகம் கதவைப் பார்த்தபடி இருந்தது. ஆ செக் அதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

ராணி வந்த நாளில் நான் அவரைப் பார்க்கவில்லை.

மோட்டார் அறையில் ஆ செக்கும் நானும் இருந்தோம். கதவு சாத்தியிருந்தது. காவல் அதிகாரிகள் முன்பே வந்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏதாவது நின்றுவிட்டால் கையால் சுற்றி லிஃப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவர ஒரு சக்கரம் உண்டு. அதன் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. கீழே கூட்டத்தின் ஓசை கடல் இரைச்சல் போல எழுந்தது. பிறகு தணிந்தது. ஆ செக் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

'டக்' என்று ஒரு ரிலே விழுந்தது. பிரேக் விடுபட்டது. சக்கரம் சுற்றத் தொடங்கியது. கம்பிக்கயிறுகள் வழுக்கிக்கொண்டு ஓடின.

லிஃப்டுக்கு மறுமுனையில் எதிரெடை ஒன்று தொங்குகிறது என்பது வெளியாட்கள் பலருக்குத் தெரியாது. பெட்டியின் எடையோடு அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்து அந்த எதிரெடையை அமைப்பார்கள். அதனால் பாதி நிறைந்த லிஃப்ட்தான் மோட்டாருக்கு இலகு. காலியாக இறங்குவதும் முழுதாக நிறைந்து ஏறுவதும்தான் மூச்சு வாங்கும். அன்று மோட்டார் மூச்சு வாங்கவில்லை. சீராக, ஒரே சுருதியில் பாடியது. ஆ செக்கின் உதடுகள் தளங்களை எண்ணின. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை இரவுகள். பிறகு வேகம் தணிந்தது. பிரேக் பிடித்தது. சத்தமே கேட்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "போலே" என்றார். முடியும், நன்று, ஆயிற்று என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

எங்களுக்குச் சுவருக்கு அப்பால், பார்வையாளர் மாடத்தில், ராணி நின்று ஊரைப் பார்த்தார். பிறகு தோ பாயோவில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள்ளும் போனார். நான் பார்த்ததெல்லாம் சுற்றி நின்ற ஒரு சக்கரமும் ஒரு கிழவரின் உள்ளங்கையும்தான்.

வீட்டுக்குப் போனதும் அப்பா வாசலிலேயே நின்றார். "பாத்தியா?" என்றார்.

"பாக்கலப்பா. மோட்டார் ரூம்ல இருந்தேன்."

"லிஃப்ட் நடுவுல நின்னுச்சா?"

"இல்லப்பா. தளத்துக்குச் சரியா நின்னுச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். அன்று அவர் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் கருவிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பிக்கொண்டிருந்தோம். வாடகைக்கு வந்த பூத்தொட்டிகள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. ஆ மா கூடையோடு லிஃப்டில் கீழே வந்தார். விளிம்பில் கால் வைக்குமுன் வழக்கம்போல ஒரு கணம் தயங்கினார். பிறகு கீழே பார்த்தார். தரை சமமாக இருந்தது. ஆ செக்கைப் பார்த்து ஹொக்கியனில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நானும் நிற்பதைக் கவனித்து, எனக்கும் புரியட்டும் என்று மலாயில் திருப்பிக் கேட்டார்.

"பெசோக் பூன் ஜாலான் கா?"

நாளைக்கும் ஓடுமா?

அதில் குத்தல் ஏதும் இல்லை. பேரன் பள்ளிக்குப் போவானா என்று கேட்பது போலத்தான் கேட்டார். கீரைத் தோட்டத்தை விட்டு வானத்தில் குடியேறியவர் அவர். அவருக்கு லிஃப்ட் என்பது தெரு. தெரு ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போனால் எப்படி? ராணி போய்விட்டார், பூத்தொட்டி போகிறது, இந்தச் சமமான தரையும் அவற்றோடு போய்விடுமா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆ செக் பதில் சொல்லவில்லை. பல் தெரியச் சிரித்தார், அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பாகவே, எங்கள் முறை வேறு புளோக்கில் இருந்தும், சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து 53ஆம் புளோக்கின் அடியில் நின்றார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஆ மா இறங்கினார், விளிம்பைத் தாண்டினார், எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். ஆ செக் காசை எடுத்து லிஃப்டின் தரையில் நிறுத்தி ஒரு முறை ஏறி இறங்கினார். பிறகுதான் நாங்கள் எங்கள் வேலைக்குப் போனோம்.

நாற்பது வருடத்துக்கு மேல் லிஃப்டோடு வாழ்ந்தேன். அக்காலத்து லிஃப்டுகள் எல்லாத் தளத்திலும் நிற்காது. நான்கைந்து மாடிக்கு ஒரு தளம் என்று நிற்கும். மற்றவர்கள் படியேற வேண்டும். 2001ல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்தில்தான் பழைய புளோக்குகளுக்கு ஒவ்வொரு தளத்திலும் கதவு வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த எத்தனையோ பேர் பல வருடங்களுக்குப் பிறகு தாங்களாகவே கீழே இறங்கிக் காப்பி குடித்ததைப் பார்த்திருக்கிறேன். லிஃப்டுக்குள் சிறுநீர் கழிப்பவர்களைப் பிடிக்க 80களில் கருவி பொருத்தினோம். மாட்டிக்கொண்டவர்களை மீட்க நடுஇரவில் ஓடினோம். இருட்டுப் பெட்டிக்குள் அழும் குழந்தையிடம் கதவுக்கு வெளியே நின்று கதை சொல்லியிருக்கிறேன், தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. கரகரவென்ற ரிலேக்கள் போய் விரலளவு மின்னணுப் பலகைகள் வந்தன. ஆனால் ஒவ்வொரு வேலையும் முடிந்து கருவிப் பெட்டியை மூடும்போது அந்தக் கேள்வி காதில் விழும். இன்று ஓடவைப்பது பெரிய காரியமில்லை. நாளைக்கு ஓடவைப்பதுதான் வேலை.

ஆ செக் ஓய்வு பெற்ற நாளில் அந்தக் காசை என் சட்டைப் பையில் போட்டார். ஏதும் சொல்லவில்லை. அதற்கு முன் என்னிடம் ஆரஞ்சை ஜோடியாகக் கொடுத்தவர், காசை மட்டும் ஒற்றையாகத்தான் கொடுத்தார். அது ஒன்றுதான் இருந்தது.

ராணி 1989ல் மறுபடி சிங்கப்பூர் வந்தார். மூன்றாவது முறையாக 2006 மார்ச்சில் வந்தபோது, நம்மவரான எஸ். ஆர். நாதன் அதிபராக இருந்தார். அந்த முறை ராணி மீண்டும் தோ பாயோவுக்கு வந்தார். 34 வருடம் கழித்து. இந்தத் தடவை கூட்டத்தில் நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். சின்ன உருவம். வயதானவர்கள் எல்லோரையும் போல, அடியெடுத்து வைக்குமுன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எனக்கு ஆ மாவின் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்திருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். 2022 செப்டம்பரில் 96 வயதில் ராணி மறைந்த செய்தி வந்த இரவு, அப்பாவின் பிஸ்கட் டப்பாவை எடுத்துத் துடைத்து வைத்தேன். கடிதம் உள்ளேயே இருக்கிறது.

இன்று சாயங்காலம் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். பையன் மஞ்சள் தடுப்பை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏறிப் பாப்போமா ஐயா?" என்றான்.

காசை அவனிடம் கொடுத்தேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையில் புரட்டிப் பார்த்தவன், குனிந்து தரையில் நிறுத்தினான். எங்கே கற்றானோ. இருவரும் சுவரோரம் நின்றோம். கதவு சாத்தியது. காசு நின்றது. ஏழாவது தளத்தில் கதவு திறந்தது. அங்கே பணிப்பெண் ஒருத்தி, என் வயதுக்காரர் ஒருவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றாள். சக்கரம் விளிம்பைத் தாண்டியது தெரியவே இல்லை. நாற்காலி உள்ளே வந்த அசைவில் காசு சாய்ந்து உருண்டது. பையன் அதை எடுத்து, சட்டையில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தான்.

"நாளைக்கும் ஓடுமா தம்பி?" என்றேன்.

"ஓடும் ஐயா" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "காலையில வேற புளோக்குக்குப் போறப்ப இப்படி வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்றான்.